ஆகாயத்து அடங்கல்

1957-ம் வருஷம் மே 20-ந் தேதி நெய்வேலியில் சுரங்கம் வெட்டும் வேலையைப் பிரதமர் நேரு துவக்கி வைத்தார். அதே வருஷம் அக்டோபர் 4-ந் தேதி சோவியத் விஞ்ஞானிகள் ஸ்புட்னிக்கை வானில் ஏவினார்கள். செயற்கைச் சந்திரன் என்று அன்று அதைச் சொன்னார்கள். பூமியைத் தோண்டும் காரியமும், பூமியைச் சுற்றி வந்து பார்க்கும் காரியமும் இப்படி ஒரே வருஷத்தில் பிறந்தன. தோண்டியதைப் பற்றி நெய்வேலி வட்டாரத்தில் யாருக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், மண் அள்ளியவர்கள் இருக்கிறார்கள். சுற்றிப் பார்ப்பதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ராக்கெட் சமாசாரம் படித்தவர்களுக்கு, கூலி வேலை செய்கிற நமக்கு அது எதற்கு என்று கிராமங்களில் கேட்கிறார்கள். நமக்குத்தான் அது மிகவும் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கிராமக் கணக்கில் அடங்கல் என்று ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். எந்த சர்வே நம்பரில், எந்தப் போகத்தில், என்ன பயிர், எவ்வளவு பரப்பு, என்ன பாசனம் என்று எழுதி வைக்கும் கணக்கு அது. முன்பு கர்ணம் எழுதினார். 1980-ல் அந்தப் பரம்பரை உத்தியோகம் ஒழிந்து, இப்போது கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார். மிராசுதார் வீட்டுத் திண்ணையில் வைத்து எழுதப்பட்ட அடங்கல்களை நமது பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காகிதத்தில் தரிசு விளையும். விளைந்த நிலம் தரிசாகும். குத்தகைக்காரன் பெயர் காணாமற் போகும். யாரும் கேட்க முடியாது. கணக்கு அவர்கள் பெட்டியில் இருந்தது.

இப்போது ஆகாயத்திலும் ஓர் அடங்கல் எழுதப்படுகிறது. 1972 ஜூலை மாதம் அமெரிக்கா, நிலத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு செயற்கைக்கோளை விட்டது. லாண்ட்சாட் என்று பின்னால் பெயர் பெற்ற அந்த வரிசை அரை நூற்றாண்டுக்கு மேலாக நிற்காமல் ஓடுகிறது. இன்று ஓடும் லாண்ட்சாட் கோள் ஒவ்வொன்றும் 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 16 நாளுக்கு ஒரு தடவை ஒரே இடத்துக்குமேல் வந்து படம் பிடிக்கிறது. நெய்வேலிக்கு மேலும்தான். சுரங்கப் பள்ளம் எந்த வருஷம் எவ்வளவு அகன்றது, எந்தக் கிராமத்தின் வயல் எப்போது மறைந்தது, மேல்மண்ணைக் கொட்டிய மேடு எங்கே எழுந்தது, அதன்மேல் எங்கே மரம் வளர்ந்தது எல்லாம் அந்தப் படங்களில் வரிசையாக இருக்கின்றன. நிர்வாகம் சொல்லும் நல்லதும் அதில் தெரியும், சொல்லாமல் விடுவதும் தெரியும்.

இந்த விஷயத்தில் நமது நாடு பின்தங்கி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1970-ல் பேராசிரியர் பிஷரோடி முதலான விஞ்ஞானிகள் கேரளத்துத் தென்னந்தோப்புகளின்மேல் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்புக் கதிரைப் பதிவுசெய்யும் பிலிமில் படம் எடுத்தார்கள். வாடல் நோய் கண்ட மரங்களை மேலிருந்தே பிரித்தறிய முடியுமா என்பதே பரீட்சை. முடிந்தது. பயிரின் பச்சையைத்தான் நமது கண் காண்கிறது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பயிர் இன்னும் பலமாகத் திருப்பி அனுப்புகிறது. வாட்டம் வந்தால் அது குறையும். விஞ்ஞானிகள் அந்தக் கதிருக்குப் படத்தில் சிவப்பு வர்ணம் கொடுப்பது வழக்கம். ஆகவே செழித்த வயல் செக்கச்செவேலென்று இருக்கும். நமது தோழர்களுக்குப் பிடித்த வர்ணம்தான். இருந்தாலும் படம் பார்க்கும்போது தீப்பிடித்துவிட்டதோ என்று மிரள வேண்டாம்.

பிறகு 1979-ல் பாஸ்கரா. நிலத்துக்கு டெலிவிஷன் காமிரா, சமுத்திரத்துக்கு நுண்ணலைக் கருவி என இரண்டையும் சுமந்து சோவியத் மண்ணிலிருந்து புறப்பட்டது. 1988 மார்ச் 17-ல் ஐ.ஆர்.எஸ். 1ஏ. அதை ஏற்றிச் சென்றதும் சோவியத் ராக்கெட்டே. நெய்வேலியில் 1962-ல் மின்சாரம் தரத் துவங்கி 2020-ல் மூடப்பட்ட முதல் அனல் மின் நிலையத்தை சோவியத் உதவியுடன் நிர்மாணித்த கதை ஊரறிந்தது. ஆகாயத்திலும் அந்தக் கை இருந்ததை இளைஞர்கள் அறிந்துகொள்வது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் நமது வானம் முழுக்க மேகம். சம்பா வளரும் காலத்தில் காமிராவுக்கு என்ன தெரியும்? அதற்கு ராடார் இருக்கிறது. செயற்கைக்கோள் தானே ஓர் அலையை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்கிறது. மேகம் அந்த அலையைத் தடுக்காது; இரவு பகலும் கிடையாது. சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடிபோல் அலையை வேறு பக்கம் தெறித்துவிடும். படத்தில் அந்த இடம் கறுப்பு. நாற்று நட்டு, பயிர் தூர் கட்டி உயர உயர அலை அதில் மோதித் திரும்புகிறது. படத்தில் வெளுப்பு ஏறும். என்றைக்கு நடவு நடந்தது, பயிர் தேறியதா, வெள்ளத்தில் மூழ்கியதா என்று இதிலிருந்து கணக்கிடலாம். 2016-17 வறட்சியில் நமது மாநிலத்தில் விதைக்க முடியாமற்போன கிராமங்களைக் கண்டுபிடிக்கவும், பயிர் இன்ஷூரன்ஸ் கொடுக்கவும் ராடார் படங்களைப் பயன்படுத்தினார்கள். கோயம்புத்தூர் விவசாய சர்வகலாசாலை அதில் வேலை செய்தது. 2023 முதல் மத்திய சர்க்காரின் பயிர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில், நெல், கோதுமை மகசூலை மதிப்பிடும்போது நூற்றுக்கு 30 பங்கு எடை இந்தத் தொழில்நுட்பக் கணக்குக்குத் தரப்படுகிறது.

அதாவது, நமது வயலுக்கு என்ன மதிப்பு என்பதில் ஒரு பங்கை ஆகாயத்திலிருந்து தீர்மானிக்கிறார்கள். அப்படியானால் அந்தப் படம் எங்கே? எந்த ஊர்ச் சாவடியில் ஒட்டியிருக்கிறார்கள்? கர்ணத்தின் பெட்டி போய் கம்ப்யூட்டர் பெட்டி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று இருக்கிறது. அதுதான் நமக்கு முக்கியம்.

2023 ஜூலை 26-ந் தேதி சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, பச்சைப் பயிர் நின்ற வயலில் மண்வெட்டும் யந்திரங்களை இறக்கினார்கள். நிலம் பல வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, பயிரிட வேண்டாம் என்று சொல்லியிருந்தோம் என்பது நிர்வாகத்தின் வாதம். அறுவடைவரை பொறுக்க முடியாத அவசரம் என்ன என்பது ஜனங்களின் கேள்வி. சென்னை ஹைகோர்ட்டே இதைக் கண்டு வேதனை தெரிவித்தது. கடைசியில் ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு என்று உத்தரவாயிற்று.

நல்லது. ஏக்கரே இல்லாதவருக்கு ஏக்கர்க் கணக்கில் என்ன வரும்?

அந்த வயலில் நாற்றுப் பறித்தவர், நடவு நட்டவர், அடுத்து களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் காத்திருந்தவர்—அவர்களுடைய கூலி நாட்களும் அந்தப் பயிரோடு மண்ணுக்குள் போயின. செயற்கைக்கோள் எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும் வயலைத்தான் பார்க்கிறது. நட்ட கையை அது பார்ப்பதில்லை. பழைய அடங்கலிலும் விவசாயத் தொழிலாளி பெயர் கிடையாது, புதிய அடங்கலிலும் கிடையாது. இன்ஷூரன்ஸ் பணமும் சாகுபடிக்காரரோடு நின்றுவிடுகிறது. குறை யந்திரத்தின்மேல் இல்லை. எந்த ஊரில், எந்த வாரம், எத்தனை ஏக்கர் நடவு நின்றுபோயிற்று என்று ராடார் சொல்லிவிடுகிறது. ஓர் ஏக்கர் நடவுக்கு எத்தனை ஆள் கூலி என்று நமக்குத் தெரியும். இரண்டையும் பெருக்கினால் அந்த ஊரில் எத்தனை நாள் வேலை போயிற்று என்ற கணக்கு வந்துவிடும். பெருக்கிப் பார்க்க சர்க்காருக்கு மனம் வேண்டும். வெள்ளம், வறட்சி, நிலம் எடுப்பு எது வந்தாலும் இழந்த கூலி நாட்களுக்கு நிவாரணம் என்று கேட்க, இனி நம்மிடம் ஆதாரம் இல்லையென்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது பாடம் சொல்லித் தர வேண்டிய சங்கதி அல்ல. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே மணல் அடுக்கில் தண்ணீர் பலமான அழுத்தத்தில் அடைபட்டு நிற்கிறது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானே மேலே வந்து கொட்டியது இந்த அழுத்தத்தால்தான். ஆர்டீசியன் ஊற்று என்பார்கள். அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் மேல்மண்ணை எடுத்தால் தண்ணீர் கரியைப் பிளந்துகொண்டு வந்து சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். ஆகவே 1961-லிருந்து இரவு பகலாக பம்புகள் ஓடுகின்றன. அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக வயலுக்குப் போகிறது என்பதும் மெய். ஆனால் தானே கொட்டிய ஊற்று நின்றுபோய், போரை மேலும் மேலும் ஆழப்படுத்தி, நீர்மூழ்கி மோட்டாருக்குக் கடன் வாங்கியவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். சுரங்கம் இறைத்தது எவ்வளவு, விவசாயக் கிணறுகளும் ஆலைகளும் இறைத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள்.

பூமிக்குள் இருக்கும் தண்ணீரை ஆகாயத்திலிருந்து எடை போட முடியும் என்றால் நம்புவீர்களா? 2002-ல் கிரேஸ் என்று இரட்டைக் கோள்களை விட்டார்கள். ஒன்றின்பின் ஒன்றாக, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் அவை ஓடின. கீழே கனம் அதிகமான இடம் வந்தால் முன்னே போவதைப் பூமி சற்று அதிகமாக இழுக்கும். இடைவெளி மயிரிழையைவிடக் குறைவாக மாறும். அந்த மாற்றத்தை அளந்து, கீழே தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று கணக்கிட்டார்கள். 2002-லிருந்து 2008-க்குள் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பிரதேசத்தில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போய்விட்டது என்று 2009-ல் அறிவித்தார்கள். மேட்டூர் அணை நாற்பது தடவை நிரம்பி வழியும் தண்ணீர்! 2018-லிருந்து அதே வேலையைச் செய்ய வேறு இரண்டு கோள்கள் சுற்றுகின்றன.

ஆனால் இந்தத் தராசு பெரிய தராசு. ஒரு மாநிலத்தை நிறுக்கும். ஒரு தாலுகாவை நிறுக்காது. நெய்வேலியை மட்டும் தனியாக எடுத்து வைக்க அதில் தட்டு இல்லை. செயற்கைக்கோள் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று யாராவது மேடையில் முழங்கினால் நம்பவேண்டாம். நெய்வேலிக் கணக்குக்குக் கயிறு விட்டுக் கிணற்றை அளந்தே ஆகவேண்டும். சுரங்கத்தைச் சுற்றிக் கண்காணிப்புக் குழாய்கள் இருக்கின்றன, நீர்மட்டத்தை அளந்து எழுதியும் வைக்கிறார்கள். அந்த நோட்டு வெளியே வரவேண்டும்.

கிணற்றை அளப்பதோடு நிலத்தையும் அளக்கலாம். 2025 ஜூலை 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் என்ற ராடார் கோள் புறப்பட்டது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. 12 மீட்டர் அகலமான வலைக்குடையை விரித்துக்கொண்டு, 12 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தை ஒரே கோணத்தில் பார்க்கிறது. முதல் தடவை திரும்பிய அலையையும் அடுத்த தடவை திரும்பிய அலையையும் பொருத்திப் பார்த்தால், இடையில் நிலம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் புலப்படும். கீழே தண்ணீரை இறைத்து இறைத்து நிலம் தாழ்வது உலகத்துக்குப் புதிதல்ல. மெக்சிகோ நகரத்தின் சில பகுதிகள் வருஷத்துக்கு அரை மீட்டர் அளவுக்குத் தாழ்வதை இந்த முறையில்தான் அளந்தார்கள். பனிமலை நகர்வதையும் வயலின் ஈரத்தையும் பார்ப்பதற்கென்று விட்ட கோள் நமது தலைமேலும் போகிறது. அறுபது வருஷமாகத் தண்ணீர் இறைக்கும் இடத்தையும் சுரங்கச் சரிவுகளையும் அது அளந்து, ஊர் வாரியாக வெளியிடட்டும். சரிவில் நின்று வேலை செய்கிற கான்டிராக்ட் தொழிலாளியின் உயிருக்கும் அது உதவும். மண் சரிவதற்கு முன் பல இடங்களில் மெல்ல மெல்ல நகர்கிறது. அந்த மெல்லிய நகர்வுதான் ராடாருக்குத் தெரிவது.

நெய்வேலிக்குக் கிழக்கே கடல் அதிக தூரமில்லை. 1993 முதல் செயற்கைக்கோள்கள் கடல் மட்டத்தை இடைவிடாமல் அளக்கின்றன. உலகம் முழுக்கச் சராசரியாக சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. உயரும் வேகமும் அன்று இருந்ததைப்போல் இரண்டு மடங்காகியிருக்கிறது. நீர் சூடேறி விரிவது ஒரு காரணம், பனி உருகுவது இன்னொன்று. தம்ளரில் மிதக்கும் ஐஸ் உருகினால் தம்ளர் வழியாது. கடலில் மிதக்கும் பனியும் அப்படித்தான். நிலத்தின்மேல் கிடக்கும் பனி கடலில் இறங்கினால்தான் ஆபத்து. கிரீன்லாந்து நிலத்திலிருந்து மட்டும் வருஷத்துக்கு சுமார் 27 ஆயிரம் கோடி டன் பனி குறைகிறது என்று, மேலே சொன்ன அந்த இரட்டைத் தராசு நிறுத்துச் சொல்லியிருக்கிறது. இமயமலைப் பனிக்கும் இதே கதி. அதைக் கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. 1970-களில் அமெரிக்க ராணுவம் ஒற்றுப் பார்க்க எடுத்த படங்கள் பின்னாளில் வெளியே வந்தன. அவற்றைப் புதிய படங்களோடு ஒப்பிட்டு, 2000-க்குப் பின் பனி இழப்பு இரட்டிப்பாகியிருப்பதை 2019-ல் காட்டினார்கள். குண்டு போட இடம் தேடிய காமிரா, கடைசியில் கங்கையின் பனியை எண்ண உதவியது.

இந்த உஷ்ணத்துக்கு நிலக்கரிப் புகை ஒரு பெருங்காரணம் என்பதை நெய்வேலி வாசகர்களிடம் மறைக்க முடியாது. மறைப்பது நேர்மையும் அல்ல. பழுப்பு நிலக்கரி மற்றக் கரியைவிட அதிகப் புகை தருவது. ஆனால் பெல்ட் ஓட்டும் தொழிலாளி தலையில் பழியைப் போட யாராவது வந்தால், தலைக்கு வருஷம் 14 டன் கரியமில வாயு வெளியிடும் அமெரிக்காவையும், 2 டன் அளவில் நிற்கும் இந்தியாவையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். சுரங்கத்தை ஒரு நாள் சுருக்குவதானால், அதற்கு முன்பே கான்டிராக்ட் தொழிலாளிக்கு வேறு வேலை எழுத்தில் இருக்க வேண்டும். அவர்களில் எத்தனையோ பேர் இதே சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள். வயலா சுரங்கமா என்று அப்பனையும் மகனையும் எதிரெதிரே நிறுத்தும் வேலைக்கு நாம் துணைபோக முடியாது.

பார்த்தது யாருக்கு, எப்போது போய்ச் சேர்கிறது என்பதும் இதில் அடக்கம். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி. பூகம்பம் நடந்து இரண்டு மணி நேரத்தில் ஜேசன் என்ற செயற்கைக்கோள் வங்கக் கடல்மேல் போயிற்று. அலையை, சுமார் 60 சென்டிமீட்டர் உயரமென்று அளந்தும்விட்டது. அந்த அளவைக் கணக்கிட்டுப் பார்க்க மேலும் பல மணி நேரம் பிடித்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்குமேல் இறந்தார்கள். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் 2007-ல்தான் வந்தது. 2011 டிசம்பர் 30-ல் வந்த தானே புயலில் கதை வேறு. புயல் வரும் பாதை செயற்கைக்கோள் படங்களில் முன்கூட்டியே தெரிந்தது. எச்சரிக்கை வந்து சேர்ந்தது, குடிசைக்குச் சுவர் வந்து சேரவில்லை. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் சாய்ந்தன. முந்திரிக் கொட்டை பொறுக்கியும் உடைத்தும் பிழைத்த பெண்களுக்கு, புதுக் கன்று காய்க்கும்வரை என்ன ஜீவனம் என்று எந்த எச்சரிக்கையிலும் எழுதியிருக்கவில்லை.

லாண்ட்சாட் படங்கள் 2008 முதல் யாருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல் படங்களும் இலவசம். நமது விண்வெளி ஸ்தாபனம் 2009 முதல் புவன் என்ற பெயரில் படங்களைத் திறந்து வைத்திருக்கிறது. கூர்மையான படம் வேண்டுமென்றால், தரையில் முப்பது சென்டிமீட்டர் அளவுள்ள பொருளையும் காட்டும் படங்களைக் கம்பெனிகள் விலைக்கு விற்கின்றன. பணமுள்ளவன் கூர்மையாகப் பார்க்கிறான், நமக்கு மங்கலாகத் தெரிகிறது. மங்கலாகத் தெரிவதே நமது வேலைக்கு இப்போது போதும். ஊரில் காலேஜுக்குப் போகும் பிள்ளை ஒன்று இருந்தால், 1990-ம் வருஷத்துப் படத்தையும் இந்த வருஷத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்துத் தந்துவிடும்.

மார்ச் 22 தண்ணீர் தினத்திலும், மே 1-ந் தேதியும் கிராம சபை கூடுகிறது. குறிஞ்சிப்பாடி, சேத்தியாத்தோப்பு, மந்தாரக்குப்பம் பக்கத்துத் தோழர்கள் அந்தப் படங்களைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கேட்க வேண்டியது மூன்றே விஷயம்: கண்காணிப்புக் குழாய்களின் நீர்மட்டக் கணக்கு, நிசார் அளந்த நிலமட்டக் கணக்கு, பயிர் நஷ்டத்தோடு சேர்த்து இழந்த கூலி நாட்களின் கணக்கு. தீர்மானத்தை மினிட்டு நோட்டில் எழுதவைத்து, கையெழுத்துப் போடும் முன் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். மனு எழுத ஆள் இல்லாத ஊர்க்காரர்கள் ஒரு வாரம் முன்னதாகச் சங்க ஆபீசுக்குச் சொல்லி அனுப்பவும்.